‘அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?’ – உறவுமுறையும் ஆங்கில முன்னிடைச்சொற்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழா என்றால் காப்பியமோ புதுக்கவிதையோ தலைப்பாக அமைவதே வழக்கம். ஆங்கிலத்தின் மிகச் சிறிய சொற்களான ‘ஆஃப்’, ‘டு’, ‘வித்’, ‘பை’, ‘இன்’ ஆகியவற்றுள் உறவினரைக் குறிக்கும்போது எதைப் பெய்வது என்று ஆராய்வது பள்ளி வகுப்பறைக்குரிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் தம் கவிதையைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்க்க முனைந்த எவரும் இவ்விடத்தில் ஒருமுறையேனும் தடுக்கி விழாமல் இருந்திருக்க முடியாது. உவமைக்கு ஆங்கிலம் இடம் கொடுத்துவிடுகிறது; உருவகத்திற்கும் கொடுத்துவிடுகிறது. ‘அத்தை மகன்’ என்னும் இரண்டு சொற்கள் வந்து நின்றால் மட்டும் கதவை அடைத்துக்கொள்கிறது. அகராதியில் சொல் இல்லை என்பது காரணத்தின் ஒரு பாதி. இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்கும் அந்தச் சிறு சொல், உறவைப் பற்றி வேறொரு கருத்தைக் கொண்டிருக்கிறது என்பது மறுபாதி. அந்த மறுபாதியே இவ்வுரையின் பொருள்.

திருமண வீட்டில் முன்பின் அறியாத இருவர் பந்தியில் அருகருகே அமர்ந்தால் இலை போடுவதற்குள் ஒரு வினா எழும். ‘மாப்பிள்ளை உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பார் ஒருவர். ‘எனக்கு மருமகன் முறை வேண்டும்’ என்பார் மற்றவர். தமிழ் கற்க வந்த வெளிநாட்டினர் இவ்வுரையாடலைக் கேட்டால் மாப்பிள்ளையை யாரோ விலை பேசுவதாகவே நினைப்பர். ‘வேண்டும்’ என்பது இங்கே விருப்பத்தைக் குறிக்கவில்லை, முறையைக் குறிக்கிறது. அது கிடக்கட்டும். இவ்வினாவின் உயிர்நிலை ‘உங்களுக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உருபு. தமிழர் உறவைக் கேட்கும்போது நான்காம் வேற்றுமையிலேயே கேட்கின்றனர்.

இதனைச் சொல்லுக்குச் சொல்லாக ஆங்கிலப்படுத்தி, ‘வாட் இஸ் ஹி டு யூ?’ என்று ஓர் ஆங்கிலேயரிடம் கேட்டால், அவர் முகம் சற்று மாறும். உறவுமுறையை வினவும் வாக்கியமாக அது அவர் காதில் விழுவதில்லை. ‘அவனுக்கும் உனக்கும் என்ன? அவன்மீது உனக்கேன் இவ்வளவு அக்கறை?’ என்ற குற்றச்சாட்டின் சாயலே பெரிதும் அதில் தொனிக்கும். உறவைக் கேட்க வேண்டுமாயின், ‘எவ்வாறு தொடர்புடையவர்’ என்னும் பொருளில் ‘ஹவ் இஸ் ஹி ரிலேட்டட் டு யூ?’ என்றே கேட்க வேண்டும். ‘டு’ இரண்டிலும் உண்டு. நடுவே ‘ரிலேட்டட்’ என்னும் சொல் காவலுக்கு நின்றால்தான் அது குடும்பத்துக்குள் நிற்கிறது; காவல் நீங்கினால் மனத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

‘ரிலேட்டட் வித்’ என்று எழுதும் பழக்கம் தமிழ் மாணவரிடையே பரவலாக உண்டு. ‘அவரோடு உறவு’ என்ற தமிழ் வழக்கின் நிழல் அது. இதைவிட அபாயமானது ‘ரிலேஷன்ஷிப்’ என்னும் பெயர்ச்சொல். அதன்பின் ‘டு’ வந்தால் முறை. ‘வித்’ வந்தால் பழக்கம். விண்ணப்பப் படிவங்களில் ‘விண்ணப்பதாரருடன் உள்ள உறவு’ என்று தமிழில் அச்சிடப்படும் வரி, ஆங்கிலத்தில் ‘டு’ என்றே இருக்கும். அத்தை மகளோடு தமக்கு ‘ரிலேஷன்ஷிப் வித்’ இருப்பதாக ஓர் இளைஞர் வெள்ளந்தியாக எழுதிவிட்டால், படிக்கும் அலுவலர் புரிந்துகொள்வது வேறொன்றாக இருக்கும்.

இனி இலக்கணத்திற்கு வரலாம். ‘சாத்தன் மகன்’ என்பது தொகை. இதனை விரித்தால் ‘சாத்தனது மகன்’ என்று வருமா, ‘சாத்தனுக்கு மகன்’ என்று வருமா? இன்று பலரும் தயங்காமல் முன்னதையே சொல்வர். தொல்காப்பியர் அதனை ஏற்கவில்லை. ‘அது’ என்னும் ஆறாம் வேற்றுமை உருபு, உயர்திணைத் தொகையை விரிக்குமிடத்துக் கெட்டுப்போய், அவ்விடத்தில் ‘கு’ வந்து நிற்கும் என்று சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் அவர் விதி வகுத்திருக்கிறார். ‘நம்பி மகன்’ என்பதை ‘நம்பிக்கு மகன்’ என்று விரித்துக்காட்டுவது உரையாசிரியர் மரபு. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நன்னூலாரும் நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது கொடை, பகை முதலியவற்றோடு ‘முறை’ என்பதையும் சேர்த்தார். ‘சாத்தனுக்கு மகன்’ என்பது அதற்குரிய காட்டாகப் பள்ளிகளில் இன்றும் சொல்லப்படுவது.

இவ்விதிக்குக் காரணம் எளியது, எளியதாயினும் அழகியது. ‘அது’ என்னும் உருபு அஃறிணை ஒருமைச் சுட்டாகவும் இருப்பது. ‘சாத்தனது’ என்றவுடனே பின்வரப்போவது ஒரு பொருள், அதாவது ஆடோ, ஆடையோ, கையோ, காலோ என்று மொழி முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அதன்பின் ‘மகன்’ வந்து நின்றால் திணை முட்டுகிறது. ‘எனது நூல்’ சரி; ‘எனது மகன்’ வழு; ‘என் மகன்’ என்பதே மரபு. திருமண அழைப்பிதழ்களில் ‘எனது மகள்’ என்று அச்சிடும்போதெல்லாம் பழைய தமிழாசிரியர்கள் சிவப்பு மையைத் தேடியது இதனால்தான். உடைமையாக ஒருவரைச் சொல்லலாகாது என்னும் நினைவு வேற்றுமை உருபுக்குள்ளேயே பொதிந்திருந்தது. பெண்ணையும் பிள்ளையையும் உடைமையாகவே நடத்திய வீடுகள் அன்றும் இருந்தன என்பது வேறு செய்தி. இலக்கணம் அவ்வீடுகளுக்கு இசைந்து போகவில்லை என்ற அளவிலேனும் அதற்கு மரியாதை உண்டு.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மகிழ்ச்சியோடு ஒரு முடிவுக்கு வரக்கூடும். தமிழின் ‘கு’ ஆங்கிலத்தின் ‘டு’. தமிழின் ‘அது’ ஆங்கிலத்தின் ‘ஆஃப்’. ஆகவே உறவினர் வந்தால் ‘டு’ போட்டுவிட்டால் தொல்காப்பியரும் மகிழ்வார், ஆங்கிலமும் சிறக்கும் என்பது அம்முடிவு. பொறி அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது.

‘அவர் எனக்குத் தந்தை’ என்ற வாக்கியத்தை ‘ஹி இஸ் எ ஃபாதர் டு மி’ என்று பெயர்த்தால், ஆங்கில வாசகர் உடனே புரிந்துகொள்வது, அவர் பெற்ற தந்தை அல்லர். தந்தையைப் போல ஆதரித்தவர் என்பதையே. ‘எ பிரதர் டு மி’ என்றால் உடன்பிறவாமல் உடன்பிறந்தானாக நின்றவன். ‘எ பிரதர் ஆஃப் மைன்’ என்றால் உடன்பிறந்தவருள் ஒருவன். (‘ஆஃப் மைன்’ என்பதே மரபு. ‘எ கசின் ஆஃப் மி’ என்று எழுதுவது வழு.) ஆக, ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ பிறப்பைப் பதிவு செய்கிறது, ‘டு’ நடத்தையைச் சொல்கிறது. ஒன்று பதிவேடு, மற்றொன்று நன்றி.

கம்பனிடம் இதற்குச் சிறந்த இடம் ஒன்று உண்டு. இராமன் குகனைத் தம்பியருள் ஒருவனாக ஏற்றுக்கொள்கிறான். பின்னர்ச் சுக்கிரீவனும் வீடணனும் அவ்வரிசையில் சேர்கின்றனர். வேடன் ஒருவன் அயோத்தி வேந்தன் மகனுக்குத் தம்பியாவதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பிரதர் ஆஃப் ராமா’ என்று போட்டால் தசரதனுக்கு மேலும் ஒரு மகன் பிறந்துவிடுவான். ‘எ பிரதர் டு ராமா’ என்பதே அன்பையும் சொல்லும், உண்மையையும் காக்கும். ஆனால் அதே நூலில் இலக்குவனைக் குறிக்க ‘எ பிரதர் டு ராமா’ என்று போட்டால் சுமித்திரையின் வயிற்றில் பிறந்தவனை வளர்ப்புத் தம்பியாக்கிவிடும் அபாயம் உண்டு. தமிழின் ‘கு’ உருபு இருவரையும் ஒரே பந்தியில் அமர்த்துகிறது. இராமனுக்கு இலக்குவனும் தம்பி, குகனும் தம்பி. கம்பன் சொல்ல வந்ததும் அதுதானே? ஆங்கிலம் இருவரையும் இரண்டு வரிசையில் நிறுத்தியே தீரும்.

‘எ’ என்னும் அந்த ஓரெழுத்துச் சுட்டையும் கவனிக்க வேண்டும். அது நீங்கினால் ‘டு’வின் குணம் மாறும். ‘ஃபாதர் டு த்ரீ சில்ட்ரன்’, ‘பிரதர் டு த கிங்’ என்று சுட்டின்றி எழுதும் உயர்நடையில், ‘டு’ உண்மையான பிறப்புறவையே குறிக்கும். மரபுரிமை கூறுமிடத்தும், அரியணைக்கு உரியவனை ‘ஏர் டு த த்ரோன்’ என்றே சொல்வர். எனவே ‘டு’ எப்போதும் உருவகம் என்று விதி செய்துவிடவும் முடியாது.

‘ஆஃப்’ என்பதன் வரலாறும் சிறிது நோக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருள் ‘இலிருந்து’ என்பதே. இன்றைய ஆங்கிலத்தில் ‘நீங்கி’ என்னும் பொருள்படும் மற்றொரு ‘ஆஃப்’ அதனோடு உடன்பிறந்தது. அக்காலத்தில் உடைமைப் பொருளைச் சொல்ல ஆங்கிலத்திற்கும் தமிழைப் போல ஈற்று உருபு இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவ்வுருபுகள் தேய்ந்தபோது, பிரெஞ்சு மொழியின் ‘த’ என்னும் சொல்லின் செல்வாக்கும் துணைநிற்க, ‘ஆஃப்’ அவ்விடத்தில் அமர்ந்தது. தமிழிலக்கணச் சொற்களால் சொன்னால், ஐந்தாம் வேற்றுமை ஆறாம் வேற்றுமையின் வீட்டுக்குக் குடிபோயிற்று. உறவில் வரும் ‘ஆஃப்’ இன்னும் தன் பழைய வீட்டை முற்றிலும் மறக்கவில்லை. தாயின் வயிற்றிலிருந்து பிறத்தலை ‘பார்ன் ஆஃப்’ என்னும் பழைய தொடர் அப்படியே சொல்கிறது. காந்தியடிகளை ‘ஃபாதர் ஆஃப் த நேஷன்’ என்னும்போதும் ‘ஆஃப்’ வருவது பொருத்தமே. தேசத்தை அவர் பரிவோடு நடத்தினார் என்பதன்று, அது அவரிடமிருந்து தோன்றியது என்பதே அத்தொடரின் கருத்து.

வேர்ட்ஸ்வொர்த் 1802இல் எழுதிய ஒரு சிறு கவிதையில் குழந்தையை மனிதனுக்குத் தந்தையாக்கினார். அவர் இட்டது ‘ஆஃப்’. ஆனால் அத்தொடரை மேற்கோளாக ஆள்வோர் பலர் ‘டு’ என்றே சொல்லி வருகின்றனர். இது நினைவுப் பிழை மட்டுமன்று. குழந்தை தந்தையாக இருப்பது இயற்கைக்கு மாறானது. ஆகவே அதனை உருவகத்திற்குரிய ‘டு’வில் வைத்தால் மனத்துக்கு ஆறுதல். கவிஞர் அந்த ஆறுதலைத் தர மறுத்து, பிறப்பைச் சொல்லும் ‘ஆஃப்’ஐ இட்டார். மனிதன் குழந்தையிலிருந்து பிறக்கிறான் என்றார். ஒரு முன்னிடைச்சொல் மாறினால் கவிதையின் துணிவு போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திருமணத்தைச் சொல்லும் இடம் சற்று இலேசானது. தமிழில் ‘அவனோடு திருமணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ என்று எழுதத் தோன்றும். ‘மேரீட் டு’ என்பதே மரபு. ‘ஷி இஸ் மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்று ஒரு தொடர் உண்டே என்றால், அதன் பொருள் திருமணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கின்றன என்பது. குழந்தைகளை மணந்தாள் என்பதன்று. ‘மேரீட் பை’ என்பது இன்னும் வேடிக்கை. ‘அவள் கண்ணனால் மணக்கப்பட்டாள்’ என்னும் எண்ணத்தில் ‘பை கண்ணன்’ என்று எழுதினால், கண்ணனே சடங்கை நடத்தி வைத்த புரோகிதர் என்றுகூடப் படிக்கப்படும். புகுந்த குடும்பத்தைச் சொல்ல ‘மேரீட் இன்டு’. இந்த ‘இன்டு’ ஒன்றுதான் ‘புகுந்த வீடு’ என்னும் தமிழ்த் தொடருக்கு நெருக்கமாக வருகிறது.

‘பை’ பற்றி மேலும் ஒன்று. மூத்த தாரத்துப் பிள்ளைகள், இளைய தாரத்துப் பிள்ளைகள் என்று தமிழில் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் ‘டூ சன்ஸ் பை ஹிஸ் ஃபர்ஸ்ட் வைஃப்’ என்று ‘பை’ கொண்டு சொல்லும். குதிரை வளர்ப்போரின் வம்சாவளிப் பேச்சில் தந்தைக் குதிரைக்கு ‘பை’, தாய்க் குதிரைக்கு ‘அவுட் ஆஃப்’ என்று கண்டிப்பான வேறுபாடு உண்டு. மனிதரைப் பற்றி எழுதும்போது ‘அவுட் ஆஃப்’ பக்கமே போகாதிருப்பது நலம்.

இதுவரை சொன்னவை பிழை திருத்தம் என்ற அளவில் முடிந்துவிடும். இனி வருவது அவ்வாறு முடியாதது. உறவு எதனால் என்று கேட்டால் ஆங்கிலம் இரண்டே விடை வைத்திருக்கிறது: ‘பை பிளட்’, ‘பை மேரேஜ்’, குருதியால், அல்லது திருமணத்தால். தாயின் உடன்பிறந்தான் குருதியால் ‘அங்கிள்’. அத்தையின் கணவர் திருமணத்தால் ‘அங்கிள்’. மாமனார் ‘ஃபாதர் இன் லா’. இந்த ‘இன்’ என்பதும் முன்னிடைச்சொல்லே. ‘லா’ என்றது திருச்சபைச் சட்டத்தை. யார் யாரை மணக்கலாகாது என்று திருச்சபை வகுத்த தடைப் பட்டியலில், மனைவியின் தங்கை தன் தங்கைக்கு ஒப்பானவள். இயற்கையில் அல்லள், சட்டத்தின் கண்ணில். அதனால் ‘சிஸ்டர் இன் லா’. இது வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. இறந்துபோன மனைவியின் தங்கையை மணப்பது செல்லாது என்று இங்கிலாந்தில் 1835இல் சட்டம் இயற்றப்பட்டது. நெடிய வழக்காடலுக்குப் பின் 1907இல்தான் தனிச்சட்டம் ஒன்றின் வழியே அத்தடை நீங்கியது. தாயை இழந்த குழந்தைகளுக்குச் சித்தியே தாயாக வருவதைத் தமிழ்க் குடும்பங்கள் இயல்பாகக் கருதிவந்த காலத்தில், அங்கே ஒரு ‘இன்’ குடும்பங்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது.

தமிழின் ‘மாமன்’ எந்தப் பக்கம்? தாயோடு பிறந்தவன் மாமன். மனைவியின் தந்தையும் மாமன். ‘அத்தை’ தந்தையோடு பிறந்தவள், மாமியாரும் அத்தை. ‘மருமகன்’ மகளின் கணவன். ஓர் ஆணுக்குத் தன் உடன்பிறந்தாள் மகனும் மருமகன். குருதி ஒரு பக்கம், மணம் ஒரு பக்கம் என்று பிரிக்கும் கத்தி இச்சொற்களின்மேல் ஓடுவதில்லை. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில் தமிழ் முறைப்பெயர்கள் இடம்பெற்றன. தந்தையின் உடன்பிறந்தானும் ‘தந்தை’, ஆனால் தாயின் உடன்பிறந்தான் வேறு வகை என்ற அமைப்பு, அமெரிக்கப் பழங்குடியினரான செனகா மக்களிடமும் இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். பிரெஞ்சு மானிடவியலறிஞர் லூயி டூமோன் 1953இல் எழுதிய கட்டுரையில் ஒரு படி மேலே சென்றார். மாமனைத் தாயின் குருதியாகப் பார்ப்பது ஐரோப்பியப் பழக்கம். திராவிட முறையில் அவர் தந்தைக்கு மணவழி உறவினர். அம்மணவுறவு பிள்ளைகளுக்கும் மரபுரிமையாக இறங்குகிறது என்பது அவர் வாதம். காதணி விழாவில் மாமன் மடியில் குழந்தையை அமர்த்திச் சீர் வாங்கிக்கொள்ளும் எந்தக் குடும்பத்துக்கும் இக்கருத்தை விளக்க வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும், நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று சொல்லிய அதே மூச்சில், வழக்காறு அனுமதித்தால் ஆகலாம் என்று வழிவிட்டது.

ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். முருகனை ‘மால் மருகன்’ என்பது தமிழ் வழக்கு. உமை திருமாலின் தங்கை. ஆகவே முருகன் திருமாலுக்கு உடன்பிறந்தாள் மகன். கந்தபுராண மரபில் வள்ளியும் தெய்வயானையும் முற்பிறப்பில் திருமாலின் மக்கள். ஆகவே முருகன் திருமாலுக்கு மகளின் கணவன். இரண்டு முறையும் ‘மருகன்’ என்னும் ஒரு சொல்லில் இணைந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘நெஃபியூ ஆஃப் விஷ்ணு’ என்றால் வள்ளியும் தெய்வயானையும் காணாமற்போகின்றனர். ‘சன் இன் லா’ என்றால் உமை காணாமற்போகிறாள். இரண்டையும் எழுதி நடுவே ‘அண்ட்’ போட்டால் ஆங்கில வாசகர் முகம் சுளிப்பார். அவர் மொழியில் அவ்விரண்டும் ஒருவரிடம் சேரலாகாதவை. கவிதையாக இருந்தால் அச்சொல்லை ‘மருகன்’ என்றே விட்டு, அடுத்த வரியில் உறவு தானே விளங்கும்படி செய்வதே மேல். அடிக்குறிப்பு கவிதைக்கு ஊன்றுகோல். நடப்பவருக்கும் நல்லதன்று, பார்ப்பவருக்கும் நல்லதன்று.

இது புலவர்களின் விளையாட்டு மட்டுமன்று. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர், அயல்நாட்டு அலுவலகங்களில் உறவைச் சொல்லியே உயிரைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. பெரியப்பா மகனை ஒருவர் ‘அண்ணன்’ என்கிறார். மொழிபெயர்ப்பாளர் ‘பிரதர்’ என்கிறார். மற்றொரு நாளில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் அதே ஆளைக் ‘கசின்’ என்கிறார். இரண்டும் கோப்பில் இருந்தால் பொய் சொன்னவராகத் தோன்றுபவர் விண்ணப்பதாரரே. ‘கசின் பிரதர்’ என்னும் இந்திய ஆங்கிலத் தொடரைக் கண்டு நகைப்போர் உண்டு. நகைக்க வேண்டியதில்லை. மணக்கத் தகாத முறையைச் சொல்ல ஆங்கிலத்தில் இடமில்லாதபோது, இந்தியர் தாமே கட்டிக்கொண்ட திண்ணை அது. அவ்வாறான இடத்தில் ‘ஆன்’ என்னும் முன்னிடைச்சொல் ஓரளவு கைகொடுக்கும். ‘ஆன் மை ஃபாதர்ஸ் சைட்’, தந்தை வழியில், என்று சேர்த்துவிட்டால் பாதித் தெளிவு பிறக்கும். தமிழின் ‘வழி’ ஆங்கிலத்தில் ‘பக்கம்’ ஆகிறது. நடந்து வந்த பாதை நின்று பார்க்கும் இடமாகிறது.

பெயருக்குள்ளேயே ‘ஆஃப்’ குடியேறிய கதையும் உண்டு. ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’, ‘டபிள்யூ/ஓ’ என்னும் சுருக்கங்கள் அரசு ஆவணங்களில் நூற்றுக்கணக்கான ஆண்டுப் பழக்கம் போல ஊறிவிட்டன. சிங்கப்பூர்த் தமிழரின் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ பெயரின் பகுதியாகவே நிற்கிறது. மலேசியாவில் மலாய் மொழியின் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ ஆகியவற்றின் சுருக்கமான ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பன அவ்விடத்தைப் பிடித்தன. தமிழ்நாட்டின் பத்திரங்களில் எழுதப்படும் ‘த/பெ’, ‘க/பெ’ என்பவற்றில் எந்த வேற்றுமையும் இல்லை. தகப்பன் பெயர் இது, கணவன் பெயர் இது என்று இரண்டு பெயர்களை அருகருகே வைத்துவிட்டு அவை ஒதுங்கிவிடுகின்றன. யாருக்கு யார் உடைமை என்று பேசுவதில்லை. ‘டபிள்யூ/ஓ’ வந்த பிறகுதான் பெண்ணின் பெயருக்கும் கணவன் பெயருக்கும் நடுவே ஒரு ‘ஆஃப்’ நுழைந்தது.

பழந்தமிழில் உறவுச்சொற்களுக்கு வேற்றுமையே தேவைப்படவில்லை. என் தாய் யாய்; உன் தாய் ஞாய்; அவன் தாயே தாய். என் தந்தை எந்தை. உன் தந்தை நுந்தை. அவன் தந்தை தந்தை. எம்பி, உம்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. யாருக்கு உறவு என்பது சொல்லின் உள்ளேயே இருந்தது. யாருக்கும் உறவாகாத ‘தாய்’ என ஒருத்தி மொழியில் இல்லை. தொல்காப்பியர் மொழிமுதற் குற்றியலுகரத்துக்கு ‘நுந்தை’ என்னும் இம்முறைப்பெயர் ஒன்றையே இடமாகக் காட்டினார். இன்று ‘தன்’, ‘தம்’ என்னும் படர்க்கை வடிவங்கள் மட்டும் எஞ்சி, ‘என் தம்பி’ என்று வழங்குகின்றன. பிரித்துப் பார்த்தால் ‘என் அவர்தம் பின்னவன்’ என்று பொருள் தரும் விந்தையான தொடர் அது. யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு இச்சொற்களைக் கொண்டே தொடங்குகிறது. தலைவன் இரண்டு தாயரையும் இரண்டு தந்தையரையும் அருகருகே நிறுத்தி, என்ன உறவு என்று வினவுகிறான். பாட்டில் நிற்பது ‘உம்’ என்னும் எண்ணும்மை. ‘கு’ உருபு இல்லை. இவளும் அவளும், இவரும் அவரும் என்று நால்வரும் ஒரே சமநிலத்தில் நிற்கின்றனர். ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பு நூலில் இப்பாட்டை ஆங்கிலமாக்கியபோது, இரண்டு வினாக்களிலும் ‘டு’ என்பதையே இட்டார். வேறு எதையும் இட்டிருக்க முடியாது என்றே தோன்றுகிறது. ‘அண்ட்’ போட்டிருந்தால் வினா உரைநடையாகச் சப்பிட்டிருக்கும். ‘ஆஃப்’ போட்டிருந்தால் பாட்டே போயிருக்கும். மேலும், முன்பு சொன்ன அந்தக் குற்றச்சாட்டின் சாயல், ‘அவர் உனக்கு யார்?’ என்று உறுத்தும் அந்தத் தொனி, இவ்விடத்தில் தீமையாகாமல் நன்மையாயிற்று. உறவே இல்லாத இருவர் நெஞ்சு கலந்த வியப்பைச் சொல்லும் பாட்டுக்கு, முறையைக் கேட்பது போலவும் மனத்தைக் கேட்பது போலவும் இருபொருளில் ஒலிக்கும் ‘டு’ வாய்ப்பாக அமைந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாயை நோக்கி ஒரு கோடு ஓடுகிறது. தமிழில் கோடு இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனர். செம்மண் நிலமும் அதன்மேல் விழுந்த மழைநீரும் வர இன்னும் இரண்டு அடிகள் இருக்கின்றன.